ஐபிவி6 பாதைகளுக்கும் அதே காவல் வேண்டும்: சிறிய இணையச் சேவை நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். ஆசிய-பசிபிக் பகுதிக்கு இணைய முகவரிகளை வழங்கும் ஏப்னிக் பதிவகம் 2011 ஏப்ரலில் பழைய முறையான ஐபிவி4-இன் முகவரிகளில் கடைசித் தொகுதிக்கு வந்து, பங்கீட்டு முறையில் வழங்கத் தொடங்கியபின், ஒரே ரவுட்டரில் ஐபிவி4, அதன் புதிய மாற்றான ஐபிவி6 இரண்டையும் ஓட்டுவது நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. ஆயினும் நான் பார்க்கும் பல ரவுட்டர்களில் ஐபிவி4 அமைவு ஆண்டுக்கணக்கில் செதுக்கப்பட்டிருக்க, ஐபிவி6 அமைவோ ஒரே மாலையில் எழுதி முடிக்கப்பட்டதாக இருக்கிறது.

அப்படியொரு மாலையில் எழுதியவர்களில் நானும் ஒருவன். நான் முன்பு பணியாற்றிய நிறுவனத்துக்கு மேலிணைப்பு வழங்குநர்கள் (எங்களை மற்ற இணையத்தோடு இணைப்பவர்கள்) இருவர் இருந்தனர். வலையமைப்புகள் தம் பாதைகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் நெறிமுறையான பிஜிபி-யின் ஐபிவி4 இணைப்புகளில், உள்ளே வரும் பாதைகளுக்கும் வெளியே போகும் பாதைகளுக்கும் ஃபில்டர் (வடிகட்டி) இருந்தது. அவற்றை நானே எழுதியிருந்தேன். ஐபிவி6 இணைப்புகள் எழுந்து பாதைகள் வந்து நிறைந்ததும், ஃபில்டரை மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு வழங்குநரிடம் கற்ற பாதைகளை எங்கள் ரவுட்டர் மற்றவருக்கு அறிவிக்க, யாருடையதோ ஆன போக்குவரத்து எங்கள் குறுகிய இணைப்பில் வந்து அடைத்துக்கொண்டது. ஐபிவி4 ஃபில்டர் அப்படியேதான் இருந்தது. ஐபிவி6 பாதைகளை அது தொடுவதே இல்லை.

2008 பிப்ரவரி 24 அன்று நடந்ததை நீங்கள் அறிவீர்கள். யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க எண்ணிய பாகிஸ்தான் டெலிகாம், யூடியூப் /22 ஆக அறிவித்திருந்த முகவரித் தொகுதியிலிருந்து ஒரு /24-ஐ அறிவித்தது (சாய்கோட்டுக்குப் பின்வரும் எண் கூடக் கூடத் தொகுதி சிறிது). அதன் மேலிணைப்பு வழங்குநர் அதை வடிகட்டாமல் உலகுக்குக் கடத்தியதால், நீளமான முன்னொட்டே, அதாவது சிறிய தொகுதியே, வெல்லும் என்ற விதிப்படி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போக்குவரத்து திசைமாறிப் போயிற்று. ஐபிவி6-இலும் விதி அதுவே: உங்கள் /32-க்குள் ஒரு /48-ஐ வேறொருவர் அறிவித்தால் அதுவே வெல்லும். எந்த முகவரித் தொகுதியை எந்த வலையமைப்பு அறிவிக்கலாம் என்று சான்றளிக்கும் ஆர்பிகேஐ பதிவில் அதிகபட்ச நீளத்தை 48 என்று தாராளமாகக் குறித்துவைப்பவர்கள், தங்கள் வலையமைப்பின் அடையாளமான ஏஎஸ் எண்ணைப் போலியாகச் சேர்த்து அறிவிப்பவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். நீங்கள் உண்மையில் அறிவிக்கும் நீளங்களுக்கு மட்டுமே பதிவு செய்யுங்கள். 2022-இல் வெளிவந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 9319 சொல்வதும் இதைத்தான்.

ஃபில்டர் போன்ற கொள்கை எழுதப்படாத வெளி பிஜிபி இணைப்பில் (வேறொரு வலையமைப்போடான இணைப்பில்) எந்தப் பாதையையும் ஏற்கவோ அறிவிக்கவோ கூடாது என்று 2017-இலேயே ஆர்எஃப்சி 8212 வரையறுத்தது. சிஸ்கோவின் ரவுட்டர் இயக்க மென்பொருள்களில் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் இயல்பாகவே அவ்வாறு நடந்துகொள்கிறது. பழைய ஐஓஎஸ் அப்படியல்ல. உங்கள் ரவுட்டர் எந்த வகை என்று தெரியாத நிலையில் ஐபிவி6 அண்டைக்காரருடனான இணைப்பை இயக்க வேண்டாம். முதலில் ஃபில்டர், பிறகே இணைப்பு.

உள்வலையமைப்பில் பாதைகளைக் கண்டறியும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்-இன், ஐபிவி6-க்கான மூன்றாம் பதிப்பை இயக்குவோர் கவனிக்க வேண்டியது வேறு. அது ஒரே இணைப்புக்குள் மட்டும் செல்லும் லிங்க்-லோக்கல் முகவரிகளைக் கொண்டே அண்டை உறவை அமைப்பதால், இடைமுகத்தில் உலகளாவிய முகவரி தவறாக இருந்தாலும் உறவு முழுமையாகிவிட்டதாகவே காட்டும். அதை நம்பி வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ரவுட்டர் அடையாள எண் இன்றும் 32 பிட்தான் என்பதால், ஐபிவி4 முகவரியே இல்லாத ரவுட்டரில் அதைக் கையால் கொடுக்க வேண்டும். ஐபிவி4-க்கான இரண்டாம் பதிப்பில் இருந்த அங்கீகாரப் புலங்கள் மூன்றாம் பதிப்புப் பொதிகளின் தலைப்பில் இல்லை. ஐபி பாதுகாப்பு முறையான ஐபிசெக் வழியாகவோ, 2014-இன் ஆர்எஃப்சி 7166 தரும், பொதியின் இறுதியில் சேரும் பின்னிணைப்பின் வழியாகவோ நீங்களே சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் பக்க இடைமுகங்களைப் பேசிவ் (அண்டை உறவு கொள்ளாதவை) ஆக்குவதும் இரு பதிப்புகளிலும் தனித்தனியே செய்ய வேண்டிய வேலை.

இவ்வாரமே இரண்டு அமைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐபிவி4-இல் உள்ள ஒவ்வொரு காவல் வரிக்கும் ஐபிவி6-இல் இணை உண்டா என்று பாருங்கள். ரவுட்டருக்குள் தொலைவிலிருந்து நுழைவதைக் கட்டுப்படுத்தும் அணுக்கப் பட்டியலையும் அந்த ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் ஐபிவி6-க்குத் தனியாகவே எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வலையமைப்புப் பொறியாளர்