181-க்கு அழைத்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவன் கையால் ஒரு பெண் உயிரிழந்த செய்தி வரும்போதெல்லாம் அதன் கீழே 181 என்ற உதவி எண்ணைக் கட்டம் கட்டிப் போடும் வழக்கம் நாளிதழ்களுக்கு வந்திருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் அழைத்த பெண் அடுத்த பத்து நாளில் எந்த அலுவலகத்துக்குப் போகிறாள், எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறாள் என்பதில்தான் அவள் வழக்கு நிற்பதும் சாய்வதும் இருக்கிறது. அதை யாரும் அச்சிடுவதில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 விழுக்காட்டினர்தான் யாரிடமாவது உதவி கேட்டதாகத் தெரியவந்தது. யாரிடமாவது என்றால் அதில் அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் அடக்கம். காவல் நிலையப் படியேறுபவள் அந்தச் சிலரிலும் சிலர். அவளையும் திருப்பி அனுப்பும் வேலை அங்கே எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

1992-இலேயே சென்னை ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் திறந்த மாநிலம் இது. இன்று பல மகளிர் நிலையங்களில் மனு கொடுத்தால் கையில் கிடைப்பது, மனு வந்ததை மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது. பிறகு இரு வீட்டாரையும் வரச்சொல்லிப் பேச்சு. இரண்டாவது, மூன்றாவது தடவையில் 'இனிமேல் அடிக்க மாட்டேன்' என்று அவனும், 'மேல் நடவடிக்கை வேண்டாம்' என்று அவளும் எழுதிக்கொடுக்கிறார்கள். மனு முடிக்கப்படுகிறது. அவன் எழுதிய தாளை மீறினால் அதற்கென்று ஒரு தண்டனையும் கிடையாது. அவள் எழுதிய தாளோ பத்திரமாக இருக்கும். அடுத்த முறை அடிபட்டு வரும்போது 'நீதானம்மா சமாதானமாப் போறேன்னு எழுதிக் குடுத்தே' என்று எடுத்துக் காட்டப்படும். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் முதற்கட்ட விசாரணைக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) கொடுக்கும் கெடு 14 நாள். மனு மாதக்கணக்கில் தூங்க வழியில்லை என்பதைப் பெண்ணுடன் போகிறவர்களாவது சொல்ல வேண்டும்.

எழுதி வாங்குவதற்குப் பதில் அவளுக்குத் தேவைப்படுவது நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதைத் தருகிறது. ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். ஜாமீனில் விட முடியாத குற்றம். 'புருஷனை ஜெயிலுக்கு அனுப்பவா?' என்று தயங்கும் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்த ஆணை கேட்டு மனு போட்டதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை. நீதிமன்றம் தடுத்த பிறகும் கை நீட்டினால்தான் போவார்கள்.

வழி இதுதான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் நடந்த வன்முறையைப் படிவம் 1-இல் குடும்ப நிகழ்வறிக்கையாக எழுதுவார். மனு குற்றவியல் நடுவரிடம் போகும். அலுவலர் இழுத்தடித்தால் காத்திருக்க வேண்டாம், நேராக நடுவர் மன்றத்திலேயே மனு போடலாம். அறிக்கை இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. 'நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதே' என்ற தடையும் இல்லை. அதே ஆண்டு, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே அது தீர்க்கப்பட்டது. வக்கீல் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

எங்கே ஓட்டை விழுகிறது? முதலாவது, அறிக்கை எழுதுவதில். 'அடிக்கடி குடித்துவிட்டு அடிப்பார்' என்ற ஒரு வரி குறுக்கு விசாரணையில் நிற்காது. முதல் சம்பவம், மிக மோசமான சம்பவம், கடைசிச் சம்பவம் ஆகிய மூன்றையாவது நாள், இடம், பார்த்தவர் என்று எழுத வேண்டும். தேதி நினைவில்லையா, 'மூத்தவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு' என்று எழுதினாலும் போதும். நகையை அடகு வைத்தது, சம்பள அட்டையைப் பிடுங்கி வைத்தது, வீட்டுச் செலவுக்குக் காசு தராதது எல்லாம் பொருளாதார வன்முறை. அடி இல்லாவிட்டால் வழக்கில்லை என்று நினைத்து இவற்றை விட்டுவிடுகிறார்கள். அடகு ரசீது, சீர்வரிசைப் பட்டியல், கல்யாண ஆல்பத்தில் நகை தெரியும் படம் ஆகியவற்றை இணைத்தால் நகையைத் திருப்பிக் கேட்க முடியும்.

அடுத்தது மருத்துவமனை. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்' என்று அவள் சொல்வது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் ஆவணம் அந்தப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பிதான். பக்கத்தில் நிற்கும் கணவனை வெளியே அனுப்பிவிட்டு ஒரு முறை கேட்டாலே பதில் மாறும். இது மருத்துவர்களுக்கு நாங்கள் வைக்கும் வேண்டுகோள். இன்னொன்று: கழுத்தை நெரித்ததைப் பெண்கள் 'லேசாக் கழுத்தைப் பிடிச்சார்' என்றுதான் சொல்வார்கள். வெளியே தடமே இல்லாமல் இருக்கலாம். குரல் கம்முதல், விழுங்கச் சிரமம், கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளி ஆகியவற்றைக் கேட்டுப் பார்த்து எழுத வேண்டும். ஒரு முறை கழுத்தில் கை வைத்தவன் பின்னாளில் கொல்லும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். இந்த வன்முறையில் இதைவிடப் பெரிய எச்சரிக்கை மணி குறைவு.

மூன்றாவது ஓட்டை, சம்மன். மனு வந்த மூன்று நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிவு என்கிறது சட்டம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவனுக்கு அந்த வீட்டு முகவரியிலேயே சம்மன் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தால் 60 நாள் எப்படிப் போதும்? வேலை செய்யும் இடம், அவன் பெற்றோர் வீடு, கைபேசி எண் மூன்றையும் மனுவிலேயே கொடுத்துவிட வேண்டும். அவன் வரும்வரை காத்திராமல் இடைக்கால ஆணை பெறப் படிவம் 3-இல் தனியாகப் பிரமாண வாக்குமூலம் வேண்டும். அதை இணைக்க மறப்பதால் மட்டும் வாரக்கணக்கில் வாய்தா போகிறது.

வீட்டை விட்டு வெளியேறு என்றால்? மாமனார் பெயரில் பட்டா இருப்பதாலேயே மருமகளின் குடியிருக்கும் உரிமை போய்விடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தச் சட்டம் மதமோ சாதியோ கேட்பதில்லை. ஜமாத்தோ சபையோ ஊர்ப் பஞ்சாயத்தோ பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் பெண்ணும் எந்த நாளிலும் நடுவர் மன்றம் போகலாம். மனைவிக்கு மட்டுமான சட்டமும் இல்லை இது. மகன் அடிக்கும் விதவைத் தாய்க்கும், வேறு சாதிப் பையனைக் காதலித்ததற்காக அப்பாவும் அண்ணனும் அறையில் பூட்டி வைத்த மகளுக்கும் இதே பாதுகாப்பு ஆணை உண்டு. ஆணவக் கொலைக்கு முந்தைய வாரங்களில் கைக்கெட்டும் கருவிகளில் இதுவும் ஒன்று. ஆனால் இந்தக் காரணத்துக்காக இதைப் பயன்படுத்துவோர் அரிது.

மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்துக்குள் நியமிக்கச் சொல்லி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அவர்கள் பெயரும் எண்ணும் ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலக வாசலிலும், ரேஷன் கடையிலும், அரசு மருத்துவமனை புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடத்திலும் பலகையாக வைக்கப்பட வேண்டும். தங்கள் நாளிதழும் 181-க்குப் பக்கத்தில் அந்தந்த மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் அலுவலக எண்ணை அச்சிட வேண்டுகிறோம். கூடவே, வெட்டிக் கொன்றவனின் செய்திக்குக் 'குடும்பத் தகராறு' என்று தலைப்பிடுவதையும் விட்டுவிடலாம். தகராறு என்றால் இரண்டு பேரும் ஆயுதம் எடுத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடும்ப வன்முறை வழக்குகளில் சட்ட உதவி செய்வோர்,
மதுரை.