இறக்கத்தில் கியர்

அன்புள்ள அம்மிணி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மற்ற செய்தியெல்லாம் அப்புறம்.

மியூனிக்கிலிருந்து காரிலேயே இத்தாலி போகிறாய் என்றாய். சரி. பொங்கலுக்குக் கிடைக்காத லீவு இதற்காவது கிடைத்ததே.

நீ சொன்ன ஸ்டெல்வியோ கணவாயைப் படத்தில் பார்த்தேன். 2,757 மீட்டர் உயரம். பிராட் ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். நான் பஸ் ஓட்டிய வால்பாறை மலையில் 40தான். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அங்கே ரோட்டின் வலது பக்கம் போக வேண்டும். நமக்கு இடது கை வளைவு நெருக்கும், அங்கே வலது கை வளைவு நெருக்கும். அதில்தான் நம்ம ஊர்க் கை தடுமாறும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். பஸ் திரும்ப இரண்டு பக்க ரோடும் வேண்டும், அது உனக்குத் தெரியாததல்ல. ஒதுங்கிக் கொடு. பனிக்காலத்தில் அந்த மலையை அடைத்துவிடுவார்கள், கிளம்பும்போது திறந்திருக்கிறதா என்று பார்.

ஜெர்மன் லைசென்ஸ் எடுத்துவிட்டாய் என்று டிப்போவில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறேன். ஸ்கூட்டரையே பறக்கவிட்ட பெண் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஆஸ்திரியாவுக்குள் நுழையுமுன் விக்னெட் என்கிற நெடுஞ்சாலைச் சுங்கச் சீட்டை வாங்கு. பிரென்னர் மலைச் சாலைக்கு அது போதாது, தனியாகச் சுங்கம் கட்ட வேண்டும். இத்தாலி நெடுஞ்சாலையில் 130 வரை போகலாம், மழை பெய்தால் 110தான். ஃபுளோரன்ஸின் பழைய ஊருக்குள் காரை விடாதே. இசட்.டி.எல். என்று போர்டு இருக்கும், அனுமதி இல்லாத வண்டி நுழையக்கூடாத இடம் என்று அர்த்தம். தாண்டினால் கேமரா படம் பிடித்து, பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

மாற்றி மாற்றி ஓட்டுவோம் என்றாய். நல்லதுதான், ஒருத்தியே ஓட்டினால் கண் அசரும். ஆனால் இரண்டாவதாக ஓட்டுகிறவரின் பெயரும் வாடகைக் கார் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாமல் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்காது. அங்கே சாப்பாட்டோடு ஒயின் வைப்பார்கள். லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகாதவர்கள் துளி குடித்திருந்தாலும் ஓட்டக்கூடாது என்பது இத்தாலிச் சட்டம். உனக்காகச் சொல்லவில்லை. அவர் லைசென்ஸ் எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது? மலையில் ஓட்டிய கையா? நிதானமானவரா?

போன ஞாயிறு இதைக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாய். ஆபீஸ் சிநேகிதிகளோடு போகிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீ அப்படிச் சொல்லவில்லை, நானாகச் சொன்னதுதான். அவள் மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வாடகைக் கார் என்றாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்கிறாள். கிடைத்தால் வை.

மறுபடியும் சொல்கிறேன், இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே. அவரிடமும் சொல்.

காரை எடுத்ததும் ஒப்பந்தத்தை ஒரு படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. இரண்டாவது பெயர் இருக்கிற பக்கத்தையும் சேர்த்து.

இப்படிக்கு,
அப்பா