அம்மாவை அப்பா பெயரால் அழைக்காதீர்கள்: கடவுச்சீட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதும், தந்தை அல்லது கணவர் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதே நம் வழக்கம் என்பதும் தாங்கள் அறியாததல்ல. இருந்தும் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்தெழுதச் சொல்கிறீர்கள். விரித்த பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்பெயருக்குத் தனி வரி ஒதுக்குங்கள் என்று கேட்கவே இம்மடல்.

துபாயில் வேலை பார்க்கும் தம்பியைக் காண, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு சென்ற மாதம் புறப்பட்டேன். பயணச்சீட்டை ஆதாரில் உள்ளபடி இனிஷியலோடு எடுத்திருந்தோம். கடவுச்சீட்டிலோ அப்பாவின் முழுப்பெயர். ஓரமாக உட்காரச் சொன்ன விமான நிறுவன ஊழியர், சற்று நேரம் கழித்து அப்பாவின் பெயரைச் சொல்லி மூன்று முறை அழைத்தார். அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. அம்மா எழுந்திருக்கவில்லை, திகைத்து என் முகத்தைப் பார்த்தார். அருகில் போனதும் முழுப்பெயரைச் சொல்லச் சொன்னார்கள். 42 ஆண்டுகள் குடும்பம் நடத்தியும் கணவர் பெயரை ஒருநாளும் உச்சரித்தறியாதவர், ரேஷன் கடையில்கூட என்னை விட்டே அதைச் சொல்லவைத்தவர், தன் பெயரை மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டு நின்றார். மூன்றாம் முறை, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையில், சொல்லிவிட்டார். துபாயில் இறங்கும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாமே என்பீர்கள். ஒற்றைப் பெயர் கொண்ட கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்து, பின்னர் உள்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது நினைவிருக்கும். அந்த அச்சத்தில்தான் நிரப்பினோம். இத்தனைக்கும், பிரிக்க இயலாத பெயரை ஒரே பகுதியாக எழுத, பயண ஆவணங்களுக்கான சர்வதேச விதிமுறையான 9303ஆம் ஆவணமே இடம் தருகிறது. ஆதார், பான், வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு என்று அடுக்கிப் பார்த்தால் அம்மா நான்கு பேர். வாக்கு மட்டும் ஒன்றுதான்.

சற்றுக் கடுமையாகிவிட்டது, பொறுத்தருள்க. தந்தை அல்லது கணவர் பெயரை, அவர்களுடைய பெயராகவே, புகைப்படப் பக்கத்தில் தனி வரியில் அச்சிட ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தை பிறந்ததும் அம்மா ஊர் திரும்புகிறார். துபாய் விமான நிலையத்திலும் ஒரு முகப்பில் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் அவரை அழைப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு மகன்
திருநகர், மதுரை