ஆச்சிக்கு இருந்தது, அப்பாவுக்கு வந்தது

அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கேன்" என்று வைத்துவிடுவாய். இதை உட்கார்ந்து படி.

அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம், கிளாக்கோமா என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடி மாற்ற திருநெல்வேலி ஜங்ஷன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது. இடது கண்ணில் அழுத்தம் 28. சாதாரணமாக 10லிருந்து 21க்குள் இருக்குமாம். வலி இல்லை, சிவப்பு இல்லை, பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அழுதால் வருகிற கண்ணீர் வேறு, இது வேறு. முன்னால் கண்ணாடி மாதிரி மூடியிருக்கிற கருவிழியிலும், உள்ளே இருக்கிற லென்ஸிலும் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் வெளிச்சத்தை மறைக்கும். அதனால் அவற்றுக்குச் சத்துக் கொடுப்பது இந்த நீர்தான். ஐரிஸ் என்கிற நிறத் திரைக்குப் பின்னால் ஊறி, அதன் நடுவில் இருக்கிற துளையான பாப்பா வழியாக முன்னால் வந்து, கருவிழியின் ஓரத்தில் இருக்கிற நுண்ணிய வலையில் வடிந்து ரத்தத்தில் சேரும். வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் வந்துகொண்டே இருக்க, வடிகால் தூர்ந்துபோனால் என்ன ஆகும்? அதேதான், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

அந்த அழுத்தம் போய்த் தாக்குவது பின்னால் இருக்கிற பார்வை நரம்பை. விழித்திரையில் விழுகிற காட்சியை மூளைக்குக் கொண்டுபோவது அதுதான். 10 லட்சம் இழைக்கு மேல் இருக்குமாம். புரை விழுந்தால் லென்ஸ் மாற்றலாம், கருவிழி கெட்டால் தானமாகக் கிடைத்ததை வைக்கலாம். பட்டுப்போன நரம்பை மீட்க வழியே கிடையாது.

அப்பாவைக் கிண்ண வடிவ மெஷினில் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கிற விளக்கையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். இடது கண்ணுக்கு வைத்தபோது நடுநடுவே வெகுநேரம் அழுத்தவே இல்லை. "புள்ளியே வரலையே" என்கிறார்கள். தாளில் பார்த்தால் மூக்குப் பக்கம் மேலே கறுப்பாக ஒரு திட்டு. ஒரு கண் விட்டதை மறு கண் பார்த்துவிடுவதால் இத்தனை நாளும் தெரியவில்லை.

எனக்கு உடனே உன் ஆச்சி ஞாபகம்தான். பிச்சிப்பூவை அத்தனை நெருக்கமாகக் கட்டுவார்கள். எழுந்தால் பக்கத்துச் செம்பு காலில் பட்டு உருளும். நேரே தெரிந்தது, ஓரம் தெரியவில்லை. வயசாகிவிட்டது என்றே எல்லாரும் சொன்னார்கள். 1988ல் அந்த ஆஸ்பத்திரி திருநெல்வேலிக்கு வரும் முன்னாலேயே ஆச்சிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆச்சிக்கும் இதுதான் இருந்திருக்கும் என்று என் மனசு சொல்கிறது.

பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். உனக்கு மைனஸ் 6 வேறு. கிட்டப்பார்வை கூடுதலாக இருந்தால் அதுவும் ஒரு காரணமாம். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதோடு விடாதே. கண் டாக்டரிடம் போய் அழுத்தம் பார், சொட்டு மருந்து விட்டு நரம்பைப் பார்க்கச் சொல், அந்தப் பட்டன் பரிசோதனையும் செய்துகொள். அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவது உண்டு, அதனால் ஒரு பரிசோதனையோடு திரும்பி வராதே. சொட்டு விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும்; பைக் எடுக்காதே.

இன்னொன்று. கண் சிவந்தால் மெடிக்கலில் நீயாக மருந்து வாங்கி விடாதே. ஸ்டீராய்டு கலந்த சொட்டை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்கு அழுத்தம் ஏறிவிடும்.

அப்பாவுக்கு ராத்திரி ஒரு சொட்டு, நான்தான் விடுகிறேன். இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் அது. தங்கச்சியை வருகிற வாரம் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். நீ சனிக்கிழமை போய்விட்டு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா