மழைத்துளிக்குள் ஒளி முழுசாகத் திரும்புவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழு அக எதிரொளிப்பு, அதாவது தண்ணீர், கண்ணாடி மாதிரிப் பொருளுக்குள் போகும் ஒளி அதன் விளிம்பில் மோதி, துளியும் வெளியேறாமல் உள்ளேயே திரும்புவது பற்றி உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒளி இழை (ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி நூல்), வைரம், பைனாகுலர் எல்லாம் சரி, ஆனால் அதே வரிசையில் வானவில்லையும் சேர்த்திருக்கிறீர்களே, அது தவறு. நானும் பல வருடம் வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுத்தவன்தான், அதனால் எழுதியவரை ரொம்பவும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரப் பார்க்கும் ஒளி, தண்ணீர்ப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால்தான் மொத்தமாக உள்ளேயே திரும்பும். இதுதான் மாறுநிலைக் கோணம். மழைத்துளிக்குள் நுழைந்த ஒளியால் இதைத் தாண்டவே முடியாது. துளி உருண்டை என்பதால், உள்ளே நுழையும்போது எந்தக் கோணத்துக்கு விலகியதோ அதே கோணத்தில்தான் பின்பக்கத்திலும் போய் மோதும், வெளியிலிருந்து எவ்வளவு சாய்ந்து வந்தாலும் அந்த விலகு கோணம் 49-ஐத் தாண்டாது. வானவில்லைத் தரும் கதிர்கள் மோதுவது 40 டிகிரி வாக்கில். அதில் நூற்றில் ஆறு பங்கு போலத்தான் திரும்புகிறது, மீதி பின்பக்கமாக வெளியே ஓடிவிடுகிறது. ஒரு பேச்சுக்கு முழுசாகத் திரும்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த பக்கத்திலும் அதே கோணத்தில்தானே மோதும்? அங்கேயும் முழுசாகத் திரும்பும், அதற்கடுத்தும் அப்படியே. துளியை விட்டு ஒளி வெளியே வரவே வழியில்லை, அப்புறம் நம் கண்ணுக்கு வானவில் ஏது!

'முழு' என்ற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்கலாம். வெள்ளி பூசிய நல்ல கண்ணாடிகூட ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் ஒளியை விழுங்கும், ஆயிரக்கணக்கான தடவை மோத வேண்டிய இழைக்குள் அது எடுபடாது. முழு எதிரொளிப்பில் அந்த நஷ்டம் இல்லை. 1966-இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்ஹாம் என்ற இரண்டு பொறியாளர்கள், இழைக்குள் ஒளி குறைவதற்குக் கண்ணாடியில் கலந்திருக்கும் மாசுதான் காரணம், ஒரு கிலோமீட்டர் போனபின் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே இழை தொலைத்தொடர்புக்கு உதவும் என்று காட்டினார்கள். 2009-இல் காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மழையை வைத்துத்தான் உதாரணம் சொல்ல வேண்டும் என்றால் காரின் முன்கண்ணாடியில் இருக்கும் மழை உணரியைச் சொல்லலாமே. உள்ளேயிருந்து அகச்சிவப்பு ஒளியைச் சுமார் 45 டிகிரியில் கண்ணாடிக்குள் அனுப்புகிறார்கள். வெளியே காற்று இருக்கும்வரை கண்ணாடிக்கு மாறுநிலைக் கோணம் 42 டிகிரி போல, ஒளி அப்படியே திரும்பி உணரிக்கு வந்து சேரும். ஒரு துளி ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் மாறுநிலைக் கோணம் 60-க்கு மேல் ஏறிவிடும், ஒளி துளி வழியாகக் கசிந்துவிடும், திரும்பி வருவது குறைந்ததும் வைப்பர் ஓடத் தொடங்கும். திருத்தம் வெளியிடும்போது வானவில் படத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்