வட்டம் இல்லாத படத்துக்கு 70° எப்படி வந்தது?

ஒன்பதாம் வகுப்புக் கணித வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். எந்தக் கேள்வியைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏபிசிடி என்றொரு நாற்கரம். ஏ கோணம் 110°, பி 80°, சி-யில் எக்ஸ். எக்ஸ் காண்க. படத்தில் வட்டம் இல்லை, இணைகோடுகளைக் காட்டும் அம்புக்குறி இல்லை, பக்க அளவும் இல்லை. உங்கள் விடைக்குறிப்பு மட்டும் 70° என்கிறது.

நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கும் வட்ட நாற்கரம் என்றால் எதிர்க்கோணங்களின் கூடுதல் 180°, 70° சரிதான். ஏபி-யும் டிசி-யும் இணை என்றால் அது சரிவகம், விடை 100°. எதுவுமே சொல்லாவிட்டால், நான்கு கோணங்களின் கூடுதல் 360° என்பதால் சி-யும் டி-யும் சேர்ந்து 170° என்பதற்கு மேல் யாராலும் நகர முடியாது. ஏ, பி கோணங்களை அசைக்காமல், டி புள்ளியை ஏடி கோட்டின் வழியே சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். எக்ஸ் மாறிவிடும்.

கொருக்குப்பேட்டையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் படிக்கும் ஒரு மாணவி தேர்வில் இதைத்தான் எழுதினாள்: "சி + டி = 170°. வட்ட நாற்கரமா, சரிவகமா என்று கொடுக்கப்படவில்லை. எனவே எக்ஸ் காண இயலாது." அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் பூஜ்யம். வழிமுறை எதுவும் காட்டாமல் 70 என்று மட்டும் எழுதிய மாணவனுக்கு முழு 2 மதிப்பெண். "இனிமேல் தெரியாவிட்டாலும் ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுவிடட்டுமா, மிஸ்?" என்று கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

திருத்தியவரை நான் குறை சொல்லவில்லை. கையில் கொடுத்த விடைக்குறிப்பின்படி திருத்தியிருக்கிறார். அந்தக் குறிப்பைத் திருத்துங்கள் என்றுதான் உங்களைக் கேட்கிறேன்.

பள்ளியில் விசாரித்தபோது, "2 மதிப்பெண்தானே" என்றார்கள். வட சென்னைப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துப்போயிருக்கிறது. இந்தப் பெண்ணின் அப்பா வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். நான்கு கம்பிகளை இணைத்த சட்டம் குறுக்குக் கம்பி வைக்கும்வரை சாயும், வைத்தால் இரண்டு முக்கோணங்களாகி நிற்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். எந்தத் தகவல் இருந்தால் உருவம் நிலைக்கும், எது இல்லாவிட்டால் நிலைக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் உங்களில் ஒருவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெளிவில்லாத நகலில் படத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத வட்டத்தைப் பிள்ளைகள் ஊகிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த விதத்தில் நியாயம்?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான். விடைக்குறிப்பைத் திருத்துங்கள். அந்தக் கேள்விக்கு முயன்ற எல்லா மாணவர்களுக்கும் 2 மதிப்பெண் வழங்கும்படி பள்ளிகளுக்கு எழுதுங்கள். அடுத்த வினாத்தாளில் உள்ள ஒவ்வொரு படத்தையும், அதைத் தயாரிக்காத ஓர் ஆசிரியரிடம் விடைக்குறிப்பு இல்லாமல் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் இன்னும் முடிவாகவில்லை என்று பள்ளியில் சொன்னார்கள். இந்த வாரமே செய்துவிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்புக் கணித ஆசிரியை,
கொருக்குப்பேட்டை