படத்தில் பார்த்த சமையலறையும் நீங்கள் செய்து கொடுத்ததும்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர், நாவலூர், சென்னை
(பெயரும் கதவு எண்ணும் ஒப்பந்தத்தில் உள்ளபடி)

பெறுநர்:
நிர்வாக இயக்குநர்,
உள் அலங்கார நிறுவனம், சென்னை

நாள்: 8.12.2025

பொருள்: சமையலறையில் ஒப்பந்தத்துக்கு மாறான பலகை, துருப்பிடித்த கீல்கள், தவறான விளம்பரப் படங்கள் – தொடர்பாக

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். 2024 அக்டோபரில் உங்களுடன் ஒப்பந்தம் போட்டு, ஜிஎஸ்டி சேர்த்து ரூ. 9,60,000-க்கு சமையலறை, படுக்கையறை அலமாரிகள், பூஜை அலமாரி ஆகிய வேலைகளைக் கொடுத்தோம். 2025 ஏப்ரலில் முடித்து ஒப்படைத்தீர்கள். பூஜை அலமாரியை உங்கள் ஆசாரி அருமையாகச் செய்திருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அவர் உழைப்புக்குக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை. பிரச்சினை சமையலறையில்தான்.

ஐப்பசி மழை பிடித்த கொஞ்ச நாளிலேயே சிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டியின் அடிப்பலகை உப்பிவிட்டது. பலகையின் ஓரத்தை மூட ஒட்டும் பட்டை (எட்ஜ் பேண்டிங்) பிரிந்து தொங்குகிறது, கதவு மூடுவதில்லை. உங்கள் சேவைப் பிரிவில் சொன்னபோது, “தண்ணீர் கசிந்திருக்கும், அதற்கு வாரண்டி கிடையாது” என்று முடித்துக்கொண்டார்கள். பிளம்பரை வைத்துப் பார்த்தோம், குழாயில் கசிவே இல்லை. பாத்திரம் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், உள்ளே காயப்போடும் ஈரத்துணி, இந்தப் பக்கத்துக் கடற்காற்று இவ்வளவுதான். எந்த வீட்டுச் சமையலறையிலும் இருக்கக்கூடியவை. இதைக்கூடத் தாங்காத பலகையை சிங்குக்கு அடியில் எப்படிப் போட்டீர்கள்?

அப்புறம் வெளியிலிருந்து ஒரு தச்சரை அழைத்துப் பலகையைக் கழற்றச் சொன்னோம். உள்ளே இருந்தது பிளைவுட்டே இல்லை. மரத்தூளையும் சிராய்களையும் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. உங்கள் கொட்டேஷனில் கீழ்ப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் “18 மி.மீ. பி.டபிள்யூ.பி. பிளைவுட், ஐ.எஸ். 710” என்று எழுதி, அதற்கான விலையும் வாங்கியிருக்கிறீர்கள். பி.டபிள்யூ.பி. என்றால் கொதிநீரையும் தாங்குவது. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் ஒட்டு விடக் கூடாது என்பது அதன் சோதனை. எங்கள் பலகை கை ஈரத்திலேயே விட்டுவிட்டது. மேலே லேமினேட் ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் வாங்குகிறவர் உங்கள் வார்த்தையை நம்புகிறார், அந்த நம்பிக்கைக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

கீல்களும் அப்படியே. எளிதில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 என்று கொட்டேஷனில் எழுதியிருக்கிறது. எல்லாக் கீல்களிலும் பழுப்புத் துரு ஏறி, வெள்ளைக் கதவுகளில் கறை வழிகிறது.

அடுத்து, சுவர் விஷயம். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருந்த திறந்த சமையலறைப் படத்தைக் காட்டி, “இதே மாதிரி ஹாலையும் கிச்சனையும் ஒன்றாக்கிவிடலாம்” என்று உங்கள் வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்தார். எங்கள் குடியிருப்பு மைவான் முறையில் கட்டியது. அலுமினிய அச்சு வைத்து, கம்பி கட்டி, சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட் ஊற்றுவார்கள். செங்கல் சுவர் போல ஒன்றைத் தட்டி எடுக்க முடியாது. சுவரே பாரம் தாங்குகிறது, மேலே இத்தனை மாடிகள் இருக்கின்றன. வெட்டும் இயந்திரத்தோடு ஆட்கள் வந்து நின்ற பிறகு குடியிருப்போர் சங்கத்தினர் தடுத்தார்கள். அவர்கள் தடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் பதறுகிறது. கட்டடத்தின் அமைப்பு வரைபடத்தை உங்கள் தரப்பில் ஒருவர்கூட அதுவரை கேட்கவில்லை.

அந்த வடிவமைப்பாளரை உங்கள் பக்கத்தில் “ஆர்க்கிடெக்ட்” என்று போட்டிருக்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். அவருடைய பதிவு எண்ணை இரண்டு முறை மின்னஞ்சலில் கேட்டும் பதில் வரவில்லை. உள் அலங்கார வடிவமைப்புக்கு அப்படிப் பதிவு எதுவும் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அவரை இன்டீரியர் டிசைனர் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் ஆர்க்கிடெக்ட் என்று போட்டால், சுவரில் கை வைக்கும் தகுதி அவருக்கு இருக்கிறது என்றுதானே குடும்பங்கள் நம்பும்?

திறந்த சமையலறைப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கீழே “ஓஎம்ஆரில் நாங்கள் முடித்த வீடு” என்று எழுதியிருந்தது. அந்த வீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் உரிமையாளர் ஊரில் இல்லை என்றார்கள். கடைசியில் உங்கள் மேலாளரே அது கணினியில் செய்த 3டி படம் என்று தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு வீடே இல்லை. இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால், அதில் கேஸ் குழாய் வரும் வழி இல்லை, சிம்னி புகை வெளியேற வழி இல்லை, கிரைண்டர் வைக்க இடம் இல்லை. எங்கள் வீட்டிலும் அதேபோலத்தான் வந்திருக்கிறது. மிக்ஸிக்கான பிளக் உயர அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டுவிட்டது. மேல் பெட்டிகள் அம்மாவுக்கு எட்டவில்லை. யார் சமைப்பார்கள், அவர்கள் உயரம் என்ன, மாவு வீட்டில் அரைப்பீர்களா என்று வடிவமைப்பின்போது ஒரு கேள்விகூட வரவில்லை. என்ன நிறம், எந்த மாதிரிக் கைப்பிடி என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

புகைப்படம் எடுக்கும் அன்று எந்த வேலையும் அழகாகத்தான் இருக்கும். வீடு கட்டுகிறவருக்குத் தேவை, நீங்கள் செய்து மூன்று மழைக்காலம் கண்ட ஒரு சமையலறையும், அதில் தினமும் சமைக்கிறவரோடு பத்து நிமிடப் பேச்சும். கூடவே அளவு போட்ட வரைபடம், எந்த இடத்தில் எந்தப் பலகை என்ற பட்டியல், பலகையின் பில். இவற்றை நாங்கள் கேட்டபோது “சைட்டில் பார்த்துக்கொள்ளலாம் சார்” என்றார்கள். கொட்டேஷனில் எழுதி வாங்கியது ஒன்றுதான் இன்று எங்கள் கையில் இருக்கிறது.

எங்கள் கோரிக்கை இதுதான். கீழ்ப் பெட்டிகள் அனைத்தையும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டில் மாற்றித் தர வேண்டும். லேமினேட் ஒட்டும் முன் பலகையையும் பில்லையும் எங்களுக்குக் காட்ட வேண்டும். கீல்களை ஒப்பந்தப்படி மாற்ற வேண்டும். பிளக் இருக்கும் இடத்தில் அலமாரியைத் திருத்த வேண்டும். சுவர் இடிப்புக்கென வாங்கிய ரூ. 38,000-ஐத் திருப்பித் தர வேண்டும். 3டி படங்களின் மேல் அவை 3டி படங்கள் என்று எழுத வேண்டும், பதிவு இல்லாதவருக்கு ஆர்க்கிடெக்ட் பட்டம் போடுவதை நிறுத்த வேண்டும். கடைசி இரண்டால் எங்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை. அந்தப் படத்தின் கீழே இன்றும் “விலை என்ன” என்று கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காகச் சொல்கிறேன்.

வேலை முழுமையாகச் சரியாகும் வரை பாக்கித் தொகை ரூ. 96,000-ஐக் கொடுக்க இயலாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் சேவைக் குறைபாடு, தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிய இரண்டுக்காகவும் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்போம். நாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யச் சட்டம் இடம் தருகிறது.

கழற்றிய பலகையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். உங்கள் பொறியாளர் எந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் பார்க்கலாம். முன்கூட்டி ஒரு போன் செய்தால் போதும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: ஒப்பந்தம், கொட்டேஷன், பணம் கட்டிய ரசீதுகள், பலகை மற்றும் கீல்களின் புகைப்படங்கள், பிளம்பரின் குறிப்பு, உங்கள் இன்ஸ்டாகிராம் பதிவின் பிரதி.